பத்தொன்பது வயதில் நான் போட்ட கையெழுத்து

மாசாயில் பதினான்கு வருஷம் நாங்கள் வாடகைக்கு இருந்தது நான்காவது மாடியில். லிப்ட் கிடையாது. அரிசி மூட்டை, கேஸ் தோம்பு, காய்ச்சலில் துவண்டு கிடந்த மகள் என்று எல்லாவற்றையும் என் கணவர் தோளில் போட்டுக்கொண்டு படியேறுவார். மூன்றாவது மாடி வந்ததும் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். அந்த மாடியில் குடியிருந்த மலாய்க்காரம்மா அவர் காலடிச் சத்தத்தை வைத்தே கதவைத் திறந்து, "பெராட் கா?" என்று கேட்பார். கனமா என்று அர்த்தம். "இல்ல இல்ல" என்று இவர் மூச்சிரைக்கச் சொல்வார். பதினான்கு வருஷமும் இதே கேள்வி, இதே பதில்.

காலை ஐந்து மணிக்கெல்லாம் கீழே மோட்டார் சைக்கிள்கள் உறும ஆரம்பித்துவிடும். பாசிர் கூடாங் பேக்டரிகளுக்கு முதல் ஷிப்டு போகிறவர்கள், சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள். அந்தச் சத்தத்தில்தான் நான் எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பேன். காற்று ஒரு பக்கமாக அடித்தால் எண்ணெய் ஆலை வாசனை அடுப்படி வரை வரும். துவைத்த துணியில்கூட அந்த வாசனை இருக்கும். வந்த புதிதில் குமட்டியது. பிறகு அதுதான் வீட்டின் வாசனை என்று ஆகிவிட்டது. இப்போதும் பாசிர் கூடாங் பக்கம் காரில் போகும்போது அந்த வாசனை வந்தால் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிடுகிறேன்.

வீட்டுச் சொந்தக்காரர் வயதான சீனர். நல்ல மனிதர். வாடகையை இரண்டே முறைதான் ஏற்றினார், அதையும் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே நான்கு மாடி ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார். மகன் வெளியூரிலிருந்து திரும்பி வருகிறான், கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான், வீடு வேண்டும். ஆறு மாதம் டைம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எங்களுக்குக் கோபப்பட ஒன்றுமில்லை. அவர் வீடு, அவர் மகன்.

அவர் இறங்கிப் போன பிறகு என் கணவர் பால்கனியில் போய் நின்றுகொண்டார். கீழே அவருடைய வேன் நின்றிருந்தது. பக்கத்துப் பேக்டரியில் போர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். பேக்டரி வேறு நாட்டுக்குப் போனதும், கையில் வந்த தொகையில் பழைய வேன் ஒன்றை வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற ஆரம்பித்தார். அப்போது அதற்குப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. தமிழ்ப்பள்ளிக்கும் அதை ஒட்டியிருந்த மலாய்ப்பள்ளிக்கும் சேர்த்து இருபத்தைந்து பிள்ளைகள். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்குமே பே சிலிப் என்ற ஒன்று கிடையாது. வீட்டு லோன் பற்றி விசாரித்த இரண்டு பேங்கிலும் முதலில் கேட்டது அதைத்தான். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

மாசாய் சாலையில் ஒரு பேனரைப் பார்த்தது என் மகள்தான். பாரம் ஐந்து, பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம், படித்துக்கொண்டிருந்தாள். "மா, முதல் வீடு வாங்குறவங்களுக்கு கவர்மெண்ட் உதவி பண்ணுதாம். சனிக்கிழமை மண்டபத்துல விளக்கம் குடுக்கறாங்களாம். போலாமா?" என்றாள்.

போனோம். மண்டபம் நிறையக் கூட்டம். எல்லாரும் இளசுகள். கைக்குழந்தையோடு வந்தவர்கள், இன்னும் கல்யாணமே ஆகாத ஜோடிகள். எங்களைப் பார்த்து ஒரு பையன் எழுந்து நாற்காலி கொடுத்தபோதுதான் எங்கள் வயது எனக்கு உறைத்தது. எனக்கு நாற்பத்து நான்கு, அவருக்கு நாற்பத்தெட்டு. முதல் வீட்டுக்கு இது கொஞ்சம் தாமதம்தான்.

மேடையில் பேசிய அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, சிவப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மலிவு விலை வீடு, முன்பணம் இல்லாமல் முழு லோன், பத்திரச் செலவில் சலுகை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பாதி புரிந்தது. கடைசியில், மாதச் சம்பளம் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம், சின்ன வியாபாரம் செய்கிறவர்கள், டாக்சி ஓட்டுகிறவர்கள், அவர்களுக்காக அரசாங்கமே பேங்கிடம் ஜாமீன் நிற்கும் என்றார். என் கணவர் என் முழங்கையைத் தொட்டு, "நம்மளத்தான் சொல்றாங்க" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

விண்ணப்பப் பாரத்தை இரண்டு பேர் பெயரிலும் நிரப்பினோம். அதில் ஒரு கேள்வி: இதற்கு முன் சொந்தமாக வீடு இருந்ததுண்டா? 'இல்லை' என்ற கட்டத்தில் நான் அழுத்தமாகக் கோடு போட்டேன். பிறந்தது தோட்டத்து லயத்தில், கம்பெனி கொடுத்த குடியிருப்பில். பிறகு கடைக்குப் பின்னால் ஒரு அறை, அதற்குப் பின் அப்பா வீடு. கல்யாணத்துக்குப் பிறகு நான்கு வாடகை வீடுகள். அந்தக் கேள்விக்கு என்னைவிடச் சுலபமாகப் பதில் எழுதக்கூடியவர்கள் அந்த மண்டபத்தில் இருந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த அதிகாரியே போன் செய்தார். "புவான், உங்கள் பெயரில் ஏற்கனவே ஒரு வீடு இருக்கிறதே" என்றார் மலாயில்.

அது வேறு யாராவது இருக்கும், என் பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள் என்றேன். அடையாள அட்டை, ஐசி நம்பரும் உங்களுடையதுதான் என்றார். ஊர் எது என்று கேட்டேன். பத்து பாகாட் என்றார்.

போனை வைத்துவிட்டு என் கணவரிடம் சொன்னேன். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்குத் தெரியாம ஒரு வீடு வச்சிருக்கியா? சொல்லியிருந்தா இத்தன வருஷம் மாடி ஏறியிருக்க வேணாமே" என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து பாகாட் என்ற சொல்லைக் கேட்ட உடனேயே ஒரு பேங்கின் குளிர் என் தோளில் வந்து இறங்கியிருந்தது.

நாங்கள் இருந்த தோட்டம் கைமாறியபோது எனக்குப் பதினேழு வயது. லயத்தை விட்டு பத்து பாகாட்டுக்கு வந்தோம். அப்பாவுக்கு ஒரு துணி பேக்டரியில் காவல் வேலை கிடைத்தது. அதே பேக்டரியில் எனக்குத் தையல் மிஷின். சட்டைக்குக் கை மட்டும் தைப்பேன். நாளெல்லாம் கை, இடது கை, வலது கை. முழுச் சட்டை எப்படி இருக்கும் என்றே தெரியாது என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பேன். தம்பிக்கு அப்போது பத்து வயது. நான்கு பேரும் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் இருந்தோம். மிளகாய் வற்றல் மூட்டை வரும் நாளில் வீட்டில் எல்லாரும் தும்முவோம்.

எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு நாள் காலையில் அப்பா வேலை முடிந்து வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல், "ஐசிய எடுத்துக்கம்மா, பேங்குக்குப் போகணும்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அரை நாள் லீவு போட்டால் அந்த மாதத்து வருகைப்படி போய்விடுமே என்பதுதான் என் கவலை. பேங்கில் ஏர்கான் அப்படிக் குளிர்ந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பேனா முனையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினார். அப்பா தமிழ் எழுத்தில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். அவர் போட்டு முடித்த தாளை என் பக்கம் நகர்த்துவார்கள், நான் போடுவேன். எட்டு இடமோ ஒன்பது இடமோ. அந்த ஆள் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், அப்பா தலையாட்டினார். நான் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

வெளியே வந்ததும் அப்பா என்னை ஒரு கடைக்குக் கூட்டிப் போய் மீ ரெபுஸ் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். அவர் காப்பி மட்டும் குடித்தார். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கை வலிக்குதா?" என்று கேட்டார். ஒரு நாளைக்கு ஆயிரம் கை தைக்கிற பெண்ணிடம் எட்டுக் கையெழுத்துக்கு வலிக்கிறதா என்று கேட்கிறாரே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

சில மாதங்களில் நாங்கள் ஒரு சின்னத் தரை வீட்டுக்குக் குடிபோனோம். வரிசை வீட்டில் நடுவீடு. இரண்டு அறை. அப்பா வாங்கிய வீடு என்றுதான் எனக்குத் தெரியும். நான்கு வருஷம் அதில் இருந்தேன். இருபத்து மூன்றில் கல்யாணமாகி வந்துவிட்டேன். அம்மா போனார், பிறகு அப்பாவும் போனார். தம்பி மட்டும் குடும்பத்தோடு அந்த வீட்டிலேயே இருந்தான். அந்தப் போன் வந்தபோது அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் அதிகாரியின் அலுவலகத்துக்கு இரண்டு பேரும் போனோம். அவர் எடுத்து வைத்திருந்த தாளில் அப்பா பெயரும் என் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஆளுக்குப் பாதி. அப்பாவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்திருக்கும், தனியாக அவருக்கு நீண்ட காலத்துக்கு லோன் கொடுத்திருக்க மாட்டார்கள், வேலை பார்க்கிற பிள்ளையைச் சேர்த்துப் போட்டிருக்கிறார், அந்தக் காலத்தில் பல பேர் இப்படித்தான் வாங்கினார்கள் என்று அவர் விளக்கினார்.

"என் பாதியை இப்போது தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அக்கா என்பதுபோல் காக் என்று கூப்பிட்டுச் சொன்னார். "முதல் வீடு என்றால் முதல் வீடுதான், காக். கொடுத்துவிட்டாலும் வாங்கியது வாங்கியதுதான். உங்கள் அப்பா உங்களுக்குச் சீக்கிரமே வாங்கிக் கொடுத்துவிட்டார்."

அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே வந்து தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டேன். அழுகை அப்பாவை நினைத்தா, வீடு கைவிட்டுப் போகிறதே என்றா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என் கணவர் உள்ளேயே இருந்து மீதியைக் கேட்டுக்கொண்டு வந்தார். இந்தத் திட்டத்தில் சேர்ந்து விண்ணப்பித்தால் இரண்டு பேரும் முதல்முறை வாங்குகிறவர்களாக இருக்க வேண்டுமாம். அவர் மட்டும் தனியாகப் போடலாம். ஆனால் அவருடைய வருமானத்தை நிரூபிக்க வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் பத்து பாகாட் போனோம். தம்பிக்கு முன்கூட்டியே போன் செய்து வீட்டுப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அப்படிச் சொன்னது தப்பு. நாங்கள் போனபோது வீடு அசாதாரணமாகச் சுத்தமாக இருந்தது. தம்பி பொண்டாட்டி எப்போதும் வாயோயாமல் பேசுகிறவள், அன்று தேத்தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தம்பி ஒரு பழைய பைலை என் முன்னால் வைத்தான். அவன் சட்டை மாட்டி, தலை சீவி, ஆபிசுக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"எடுத்துக்கக்கா. எனக்குத் தெரியும், என்னைக்காவது ஒரு நாள் கேப்பீங்கன்னு" என்றான்.

"என்னத்தடா கேப்பேன்?"

"ஒங்க பங்க. வித்துக் குடுக்கச் சொன்னா வித்துக் குடுத்துர்றேன். ஆனா பிள்ளைங்க பரிச்ச முடியிற வரைக்கும் டைம் குடுங்க."

அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். போன் வந்ததையும், அந்த அதிகாரி சொன்னதையும். அவன் நம்பாமல் என் கணவரைப் பார்த்தான். "ஒங்க அக்காவுக்கு நெசமாவே தெரியாது தம்பி. நான்தான் ஒரு வாரமா இவள வீட்டுக்காரம்மா வீட்டுக்காரம்மான்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் அவர்.

உள்ளேயிருந்து தம்பி பொண்டாட்டி சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா எனக்கு அடிக்கடி சொல்வாரு" என்றான் தம்பி. "இது ஒங்க அக்கா வீடு, நம்ம குடியிருக்கோம், பாத்துப் பொழங்குன்னு. நீங்களும் அவரும் பேசி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

அவன் சொல்லும்போதுதான் அந்தப் போன்களெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. கல்யாணமாகி வந்த பிறகும் அப்பா ஏதாவது ஒன்றைக் கேட்டுப் போன் செய்துகொண்டே இருப்பார். "பின்னாடி அடுப்படிய கொஞ்சம் நீட்டலாம்னு பாக்குறேன், ஒனக்குச் சரியாம்மா?" என்பார். "முன் கேட்டுக்குப் பச்சை அடிக்கவா, நீலம் அடிக்கவா?" என்பார். கூரை ஓடு மாற்றியபோது கேட்டார். மாமரத்தை வெட்டுவதற்கு முன் இரண்டு முறை கேட்டார். என்னை எதற்குக் கேட்கிறார், தம்பியைக் கேட்க வேண்டியதுதானே என்று நான் அலுத்துக்கொண்டதுண்டு. மகள் கல்யாணமாகிப் போன பிறகும் இது உன் வீடுதான் என்று காட்டுவதற்காகக் கேட்கிறார், எல்லா அப்பாக்களும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். மனுஷன் பாதிச் சொந்தக்காரியிடம் முறையாக அனுமதி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஒவ்வொரு முறையும் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சீக்கிரம் போனை வைத்தேன்.

என் பெயர் அப்படியே இருக்கட்டும், நீங்கள் இருங்கள், அப்பா பாதியை மட்டும் முறைப்படி உன் பேருக்கு மாற்றிக்கொள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வந்தேன். கிளம்பும்போது கேட்டைத் தொட்டுப் பார்த்தேன். நீலம்தான். நான் சொன்ன நிறம்தான்.

மிச்சமிருந்தது என் கணவரின் விண்ணப்பம். வேன் காசு கைக்கு வரும், கையாலேயே போய்விடும். பேங்கில் அதற்குத் தடமே இல்லை. அப்படியானால் பிள்ளைகளின் பெற்றோரிடம் கடிதம் வாங்கி வாருங்கள் என்றார் அதிகாரி. என் பிள்ளை இவர் வேனில் போகிறது, மாதம் இவ்வளவு கொடுக்கிறேன், இத்தனை வருஷமாகக் கொடுக்கிறேன். இவ்வளவு இருந்தால் போதும், கையெழுத்தும் ஐசி நம்பரும் வேண்டும்.

என் மகள் மலாயில் ஒரு மாதிரிக் கடிதம் அடித்து இருபத்தைந்து பிரதி எடுத்துக் கொடுத்தாள். மூன்று நாளாக அந்தக் கட்டு வேன் சீட்டுக்கு முன்னால் அப்படியே கிடந்தது.

"ஏங்க, குடுக்கலியா?"

"காலையில எல்லாரும் அவசரத்துல இருக்காங்கம்மா. நாளைக்குப் பாக்கலாம்."

எனக்குத் தெரியும். அவருக்கு ஒருவரிடம் ஒன்று கேட்பது என்றால் உயிர் போகிற வேலை. மாதம் பிறந்து பத்து நாளாகியும் வேன் காசு தராத பெற்றோரிடம்கூட அவராகக் கேட்டதில்லை. அதனால் நான்காவது நாள் நானே வேனில் ஏறி அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் வேலையை நான் போய்ப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னும் விடியவில்லை. எந்த வாசலிலும் அவர் ஹாரன் அடிக்கவில்லை, லைட்டை ஒரு முறை அணைத்துப் போட்டார். ஏன் என்று கேட்டேன். "பக்கத்து வீட்டுல தூங்குவாங்க" என்றார். எந்தப் பிள்ளை ஜன்னலோரம், எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும், எந்த இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைக்கக்கூடாது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு குட்டிப் பெண் ஏறியதும் ஷூவைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் கயிறு கட்டிக் கொடுத்தார். வீட்டில் தன் செருப்பு எங்கே என்று என்னைக் கேட்கிற மனிதர்.

நான் இறங்கி இறங்கிக் கடிதத்தைக் கொடுத்தேன். கைலியோடு நின்ற அப்பாக்கள், தலையில் துண்டு சுற்றிய அம்மாக்கள், பேக்டரி யூனிபார்மில் ஓடுகிறவர்கள். வீடு வாங்கப் போகிறோம், அதற்கு இது வேண்டும் என்று சொன்னபோது பெரும்பாலும் எல்லாரும் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். ஒருவர் மட்டும் முகத்தைச் சுளித்தார். "எதுலயும் கையெழுத்துப் போடாதன்னு எங்கண்ணன் சொல்லியிருக்காரு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. நானும் அப்படி யோசித்திருக்க வேண்டியவள்தானே என்று தோன்றியது. யோசித்திருந்தால் எங்கள் அப்பாவுக்கு வீடு கிடைத்திருக்காது.

அந்த வாரம் முடிவதற்குள் இருபத்திரண்டு கடிதம் திரும்பி வந்தது. மெக்கானிக் கடை வைத்திருந்த சீனர் கையெழுத்துக்குப் பக்கத்தில் கடை முத்திரையையும் குத்தியிருந்தார், ஒன்று போதாதென்று இரண்டு. மருத்துவமனையில் தாதியாக இருந்த ஒரு மலாய்ப் பெண்மணி நாங்கள் கொடுத்த தாளை விட்டுவிட்டு, தானே ஒரு முழுப் பக்கம் கையால் எழுதியிருந்தார். தனக்கு வேலை முடியத் தாமதமான நாட்களில் பூட்டிய வீட்டு வாசலில் மகனோடு இவர் காத்திருந்ததையும், ஒரு முறை மழையில் ஒன்றரை மணி நேரம் வேனிலேயே உட்கார வைத்துக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததையும், அதற்குக் கூடுதலாகக் கொடுத்ததை அவர் வாங்க மறுத்ததையும் எழுதியிருந்தார். எனக்கு மலாய் வாசிக்க நேரமாகும். மகள்தான் உரக்க வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"இதெல்லாம் எங்ககிட்ட சொல்லவே இல்லையேப்பா" என்றாள்.

"சொல்றதுக்கு என்ன இருக்கு. மழ பேஞ்சுச்சு, உக்காந்திருந்தோம்" என்று சொல்லிவிட்டு அவர் வேனைக் கழுவக் கீழே போய்விட்டார்.

நேர்முகத்தின்போது அதிகாரி கடிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்தத் தாதி கையால் எழுதிய கடிதத்தில் நின்றுவிட்டார். முழுவதும் வாசித்தார். பிறகு என் கணவரைப் பார்த்து, உங்கள் வேனில் இடம் இருக்கிறதா, என் தங்கை மகன் மாசாயில்தான் படிக்கிறான் என்றார். இவர் அதைப் பரீட்சைக் கேள்வி என்று நினைத்து, ஏற்றக்கூடிய அளவுக்கு மேல் ஏற்ற மாட்டேன், பெர்மிட்டில் எழுதியிருக்கிறபடிதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார். அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

ஒப்புதல் வர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் தபால்காரர் மோட்டார் சத்தம் கேட்டால் நான் நான்கு மாடியும் இறங்கிவிடுவேன். வீடு பெர்மாஸ் ஜெயாவுக்குப் போகிற வழியில், முதல் மாடி, மூன்று அறை.

லாயர் ஆபிசில் கையெழுத்துப் போடும் நாளில் நான் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் ஒவ்வொரு தாளாகப் போட்டுக்கொண்டே வந்தார். பாதியில் பேனாவை வைத்துவிட்டு, "எங்க வீட்டம்மாவும் ஒரு எடத்துல போடட்டுமே" என்றார். தேவையில்லை, உங்கள் ஒருவர் பெயரில்தான் என்றாள் அங்கிருந்த பெண். "தேவையில்லதான். சும்மா ஒரு எடத்துல" என்றார் மறுபடியும். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான்தான், "போடுங்க, நேரமாவுது" என்றேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. இத்தனை அலைச்சலுக்குப் பிறகு அந்தக் காகிதத்தில் என் பெயர் ஒரு மூலையிலும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அவரும் காரணம் கேட்கவில்லை. ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "அடுப்படிக்கு என்ன கலர் ஓடு போடலாம்னு நீயே பாத்துச் சொல்லு" என்றார். நான் இறங்கிப் போய் ஒரு மணி நேரம் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். போகப் போக அந்தக் குறை தானாகத் தேய்ந்து போயிற்று.

மாசாயை விட்டுக் கிளம்பிய அன்று மூன்றாவது மாடி மலாய்க்காரம்மா எங்கள் சாமான்களை இறக்க உதவிக்கு வந்தார். அவர் கையில் தலையணைகளும் என் தையல் பெட்டியும். கடைசிப் படியில் என்னைக் கட்டிக்கொண்டு, இனி யாரை 'பெராட் கா' என்று கேட்பேன் என்றார். லாரி கிளம்பிய பிறகும் நான் திரும்பித் திரும்பி அந்த நான்காவது மாடிப் பால்கனியைப் பார்த்தேன். நாங்கள் கட்டிய கொடிக்கம்பியில் ஒரே ஒரு கிளிப்பு மட்டும் தொங்கியது.

புது வீட்டை ஜெபித்து மந்திரிக்க எங்கள் சர்ச் ஃபாதர் வந்தார். தம்பி குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கினான். வேன் பிள்ளைகளின் பெற்றோர் சிலரும் வந்திருந்தார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றவர் ஒரு சுவர்க்கடிகாரத்தோடு வந்து, கொஞ்ச நேரம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். என் கணவர் அவருக்கு முதல் தட்டில் பரிமாறச் சொன்னார்.

அவர் மாசாய்ப் பிள்ளைகளை விடவில்லை. முன்பைவிட முப்பது நிமிஷம் முந்தி எழுந்து அங்கே போய் ஏற்றுவார். இங்கேயே பிள்ளைகள் கிடைக்குமே என்று சொல்லிப் பார்த்தேன். அந்தக் குட்டிப் பெண் ஆறாம் ஆண்டு முடிக்கட்டும் என்பார். அவள் முடித்தபோது அவளுடைய தம்பி சேர்ந்திருந்தான்.

குடிவந்த இரண்டாவது மாதம் கரண்டு பில் வந்தது. மாசாயில் பதினான்கு வருஷமும் அந்தச் சீனர் பெயரில் வந்த பில்லைத்தான் நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். இந்தப் பில்லில் என் கணவர் பெயர், அவருடைய அப்பா பெயரோடு முழுசாக, எழுத்துப் பிழை இல்லாமல் அச்சாகியிருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஒரு முறை மனதுக்குள்ளும் ஒரு முறை சத்தமாகவும் வாசித்தார். பிறகு கட்ட வேண்டிய கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே சட்டையை மாட்டிக்கொண்டு கட்டக் கிளம்பினார். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே போனேன்.